மாட்டின் மூக்கு உயரம்

பூசை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்றாவது வரிசையிலிருந்து கிளாடிஸ் எழுந்து போய், திறந்திருக்கும் பக்கக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார். சாத்திவிட்டு அடுத்த கதவுக்குப் போகிறார். சித்திரை வெயில். சாந்தோமின் அந்தச் சின்ன மாதா கோயிலுக்குள் இருநூறு பேர் பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருநூறு பேரும் முறைக்கிறார்கள். உபதேசியார் குனிந்தபடி ஓடிவந்து, "ஏம்மா, ஜனம் வெந்துக்கினு கீது, நீ கதவ மூடறியே!" என்று காதோரம் சீறுகிறார். கிளாடிஸ் பீடத்தின் இருபுறமும் உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன்களைக் கையால் காட்டுகிறார். பிறகு திறந்து கிடக்கும் வாசல் கதவைக் காட்டுகிறார். தன் இடத்துக்குத் திரும்பி முழங்காலில் நிற்கிறார். ஐந்து நிமிடம் போனதும் கடைசி வரிசைப் பெண்களின் முக்காடு மெல்ல ஆடத் தொடங்குகிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு உபதேசியார் மறுபடியும் பக்கக் கதவுகளைத் திறந்து வைப்பார். கிளாடிஸ் மறுபடியும் எழுந்து போவார். ஆறு வருடமாக இந்தப் போட்டி நடக்கிறது. பங்குச் சாமியார் ஒருமுறை இருவரையும் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். பயனில்லை.

"காத்து சோம்பேறிங்க," என்பது கிளாடிஸ் அடிக்கடி சொல்வது. "கிட்டக்க ஒரு ஓட்ட கெடைச்சா போதும், அது வழியா வந்து ஃபேன் வழியா கெளம்பிடும். தூரமா ஒரு சுத்து சுத்திட்டு வா நைனான்னா போவாது. நாமதான் கிட்ட இருக்கற கதவ சாத்திட்டு, அத தூரத்துக்குத் தொரத்தணும்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கோபம் இருக்கும், வீட்டு வேலைக்கு வளையாத பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரி.

அவருடைய தொழிலுக்குத் தமிழில் இன்னும் யாரும் சரியான பேர் வைக்கவில்லை. கேட்டால், "காத்து அளக்கறேன்" என்பார். குடும்ப விவரம் எழுத வந்த ஒருவர், "நில அளவையா?" என்று கேட்டார். "இல்லங்க, காத்து," என்றார் கிளாடிஸ். வந்தவர் சற்று யோசித்து, இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நாற்பத்தெட்டு வயது. குட்டையான உருவம், வேகமான நடை. தரமணியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, அதே தரமணியில் எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களில் இருபது வருடம் ஏணி ஏறியவர். ஏசி போட்ட ஹாலில் ஒரே வரிசையில் ஒருத்தி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவாள், அடுத்த நாற்காலிக்காரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பான். இருவரும் மாறி மாறி மெயில் போடுவார்கள். கிளாடிஸ் வந்து கூரை அட்டையை நகர்த்தி, உள்ளே தலையை விட்டு, காற்று போகும் தகரக் குழாயின் மடலை அரை அங்குலம் திருப்புவார். ஸ்வெட்டரும் கைக்குட்டையும் பைக்குள் போகும். எந்த இடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்து பங்கு பிரிப்பதுதான் வேலை.

தொற்றுநோய்க் காலத்தில் அந்தக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தபோது வேலை போனது. அப்போதுதான் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர், தன் கொட்டகையில் ஒரு பாதிக் கோழிகள் கொழுப்பதும் மறுபாதி சாவதுமாக இருக்கிறதே என்று யார் மூலமோ இவரைக் கேட்டு அழைத்தார். போய் அளந்தார். அன்றிலிருந்து கோழி, பன்றி, மாடு. அலுவலகங்கள் திரும்ப நிறைந்து, பழைய கம்பெனி கூப்பிட்டபோதும் முழுநேரமாகப் போகவில்லை. "மனுசன் பொய் சொல்லுவான். குளிருதும்பான், போய்ப் பார்த்தா மேனேஜர் மேல கடுப்பு. மாடு மெயிலு போடாது. நாக்க தொங்கப் போட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தான்."

தோள்பையில் எப்போதும் இருப்பவை: உள்ளங்கை அகலத்தில் குட்டி விசிறி வைத்த ஒரு காற்றுமானி, அதை மாட்டி நீட்ட மடக்குக் கம்பி, சிவப்பு உல்லன் நூல், ஒரு நோட்டு, இரண்டு பாக்கெட் ஊதுவத்தி. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஊதுவத்தியைவிட நல்ல கருவி கிடையாது என்பது அவர் கட்சி. மயிலாப்பூர் மாட வீதியில் பூஜைச் சாமான் விற்கும் கடைக்காரர், கழுத்தில் சிலுவை தொங்க மாதம் இருபது பாக்கெட் வாங்கும் இந்த அம்மாளைப் பார்த்துத் தாங்க முடியாமல் ஒருநாள், "எந்த ஸ்வாமிக்கும்மா?" என்று கேட்டுவிட்டார். "பசுமாட்டுக்கு," என்றார் கிளாடிஸ். கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அன்றிலிருந்து ஒரு பாக்கெட் இலவசமாகத் தருகிறார்.

கணவர் டெரன்ஸ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், பொறுமைசாலி. வேறு வழியில்லை. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போன இடத்தில், பந்திக் கூடத்தில் காற்று ஏன் நிற்கிறது என்று பார்க்க கிளாடிஸ் தூணில் சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அதே தூணில் இன்னும் நான்கைந்து நூல் தொங்குகிறது. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று பெண்வீட்டார் கட்டிவிட்டார்கள். டெரன்ஸ் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து உட்கார்ந்துவிட்டார். கிளாடிஸ் சிரிக்கவில்லை. அத்தனை நூலும் அசையாமல் தொங்கியதில்தான் அவருக்கு வருத்தம்.

இந்த ஊரின் தெருக்களை அவர் கடற்காற்றை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். சாந்தோமுக்கு மதியம் பன்னிரண்டரைக்கு வந்துவிடும். மயிலாப்பூர்க் குளத்தைத் தாண்டும்போது ஒரு மணி. தி. நகரின் துணிக்கடை மாடிகளில் முட்டி மோதி, கோடம்பாக்கம் போய்ச் சேரும்போது மூன்றாகிவிடும், பாதி உயிர்தான் மிஞ்சியிருக்கும். சில நாள் வராமலே இருந்துவிடும். அப்படி வராத நாட்களில்தான் கோடம்பாக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து போன் வரும்.

அந்தக் கொட்டகை ஒரு காலத்தில் ஷூட்டிங் ஃப்ளோர். தெருவில் மாடு திரியக் கூடாது என்று கெடுபிடி வந்தபிறகு, சைதாப்பேட்டை, கோடம்பாக்கம் பக்கத்து மாட்டுக்காரர்கள் சங்கம் சேர்ந்து, பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். நாற்பத்திரண்டு மாடு. வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாது என்று கனமாகக் கட்டிய சுவர்கள். சத்தம் வராத இடத்தில் காற்று மட்டும் எப்படி வரும்? சங்கச் செயலாளர் பொன்னுரங்கம் விசாரித்து விசாரித்துக் கடைசியில் கிளாடிஸைக் கண்டுபிடித்தார். கிழக்குச் சுவரைத் திறந்து கம்பிவலை போட வைத்ததும், மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஆறு ஃபேன்கள் வைக்கச் சொன்னதும் கிளாடிஸ்தான். கிழக்கே நுழையும் காற்று எல்லா மாட்டையும் தொட்டுக்கொண்டு மேற்கே வெளியே போக வேண்டும். இரண்டு பக்கச் சுவர்களிலும், செட் சாமான் கொண்டுவருவதற்காக வைத்த இரும்புக் கதவுகள் ஏழு. அந்த ஏழும் எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்று சிவப்புப் பெயின்டில் எழுதிப்போட்டுவிட்டு வந்தார்.

போன மே மாதம் அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள் பொன்னுரங்கம் கூப்பிட்டார். "மேடம், ஃபேனு ஓடுது, காத்து ஓடல. மாடெல்லாம் வாயத் தொறந்துக்கினு மூச்சு வாங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

புதன்கிழமை காலை போய்ப் பார்த்தபோது ஏழு கதவும் பப்பரப்பா என்று திறந்து கிடந்தன. யாரும் குறும்புக்குத் திறக்கவில்லை. பாவம், அவரவர் மாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கதவை அவரவர் திறந்துவிட்டிருந்தார்கள். வாயில்லா ஜீவனைப் பூட்டி வைப்பதாவது! ஆனால் ஃபேன்கள் பக்கத்துக் கதவுகளிலேயே காற்றைக் குடித்துக்கொண்டன. கிழக்குப் பாதியில் கட்டியிருந்த மாடுகளுக்கு ஒரு மூச்சுக் காற்று இல்லை.

அந்தக் கிழக்குக் கோடியில் வேலம்மாவின் நான்கு மாடுகள். சைதாப்பேட்டையில் முப்பது வருடமாகப் பால் ஊற்றுகிறவர், கறார்ப் பேச்சு, அறுபதை நெருங்கும் வயதிலும் மாட்டைத் தனியாகப் பிடித்துக் கட்டும் கை. அவருடைய மல்லி எட்டு மாதச் சினை. கிளாடிஸ் முதல் கதவைச் சாத்தியபோதே வேலம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"கொளுத்தற வெயில்ல கதவ சாத்துவியா நீ? இன்னா மேடம், ஏசி ரூம்ல குந்திக்கினு ரோசன பண்ணியா? புள்ளத்தாச்சி மாடும்மா அது!"

கிளாடிஸ் ஊதுவத்தி ஒன்றைப் பற்றவைத்து வேலம்மாவின் கையிலேயே கொடுத்தார். "மல்லி தலைக்கு நேரா புடிங்கக்கா. நான் ஒரு கதவு சாத்தறேன், நீங்க பொகையப் பாருங்க. பொக சாயலன்னா நானே எல்லாக் கதவையும் தொறந்து வுட்டுட்டுப் போயிடறேன்."

முதல் கதவு, இரண்டாவது கதவு. புகை நேராக மேலே போனது. சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான்காவது கதவில் புகை கொஞ்சம் தடுமாறியது. ஆறாவது கதவைச் சாத்தும்போது ஒரேயடியாகப் படுத்து, மேற்கே ஃபேன்களைப் பார்த்து ஓடத் தொடங்கியது. வேலம்மா ஊதுவத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஏழாவது, அவருடைய மாடுகளுக்குப் பக்கத்துக் கதவு. அதை அவரே போய்ச் சாத்தினார்.

காற்றுமானி இரண்டு புள்ளி ஒன்று காட்டியது. வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகம் வந்தால் மாட்டுக்குப் போதும். பொன்னுரங்கம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கிளாடிஸ் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, திருப்தியாகப் பஸ் ஏறினார். அந்தத் திருப்திக்காகப் பிற்பாடு தன்னைத் தானே நிறையத் திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. அடையாறில் ஒரு பேக்கரியின் அடுப்பறையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தபோது போன். வேலம்மா. குரலில் சண்டை இல்லை. அதுதான் கிளாடிஸை உலுக்கியது.

"மீட்டருக்குக் காத்து வருது மேடம். என் மாட்டுக்கு வர்ல. ராத்திரில்லாம் முனகிக்கினே கீது. தீனி தொடல. மத்த மாடு பரவால்ல, இதுதான் கெடக்குது. செங்கல்பட்டுலந்து புரோக்கரு நாலு மணிக்கு வண்டி எடுத்தாரான். அங்க மரத்தடில கட்டுவாங்களாம். இங்க வச்சிக்கினு கன்னு செத்து வுழறத நான் பாக்க மாட்டேன். உங்கையில சொல்லணும்னு தோணுச்சி, சொல்லிட்டேன்."

கிளாடிஸ் பேக்கரிக்காரரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தார். சைதாப்பேட்டைப் பாலத்தில் ஆட்டோ இருபது நிமிடம் நகரவில்லை. பாதி வழியில் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். கொட்டகைக்குள் நுழையும்போது மணி பதினொன்றேமுக்கால்.

ஏழு கதவும் சாத்தியிருந்தன. ஆறு ஃபேனும் ஓடின. மல்லியின் இடத்தில் கம்பியை நீட்டி அளந்தார். இரண்டு புள்ளி ஒன்று. மறுபடி அளந்தார். அதே இரண்டு புள்ளி ஒன்று. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பேட்டரியை மாற்றி அளந்தார். அதேதான். மல்லி தரையில் பக்கவாட்டாகக் கிடந்தது. வாய் திறந்து, எச்சில் நூலாக ஒழுகியது. ஃபேன்களை மாட்டிய எலக்ட்ரீஷியன் காஷிஃப் வந்து, "பெல்ட்டு டைட்டாத்தான் கீதுக்கா, நான் காலைலயே செக் பண்ணேன்," என்றார். பொன்னுரங்கம், "மாட்டுக்குத்தான் இன்னாவோ சீக்கு மேடம். உங்க மேல தப்பில்ல," என்றார். அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நோட்டில் எண் இருக்கிறது, செயலாளரே சாட்சி.

கிளாடிஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தார். விலா ஏறி இறங்குவதை வாட்ச் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. நல்ல மாடு இதில் பாதிகூட வாங்காது. எண்ணி முடிக்கும்போது கழுத்தில் வியர்வை வழிந்தது. துடைத்தார். மறுபடி வழிந்தது. நின்றுகொண்டிருந்தபோது காதோரம் பறந்துகொண்டே இருந்த முடி இப்போது கன்னத்தில் ஒட்டிக் கிடந்தது. எழுந்து நின்றார். முடி பறந்தது. உட்கார்ந்தார். ஒட்டியது.

அதன்பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் காஷிஃப், "அக்கா, அக்கா!" என்று கத்தினார். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சுரிதாரோடு, மூத்திரமும் சாணியும் கழுவிய ஈரத் தரையில், மல்லியின் முகத்துக்குப் பக்கத்தில் கிளாடிஸ் படுத்தார். கன்னம் தரையில் பட, காற்றுமானியை மாட்டின் மூக்கோடு மூக்காகப் பிடித்தார். குட்டி விசிறி அசையவே இல்லை. பூஜ்யம்.

எதிரே, ஒரு முழ தூரத்தில், தீவனத் தொட்டி. இரண்டரை அடி உயரச் செங்கல் சுவர்மேல் சிமென்டுத் தொட்டி. கொட்டகை நெடுகக் காற்றுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக அதே சுவர். காற்று அதன்மேல் ஏறித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிற்கும் மாட்டுக்கு அது போதும். கால் வீங்கிய சினைமாடு நாள் முழுக்க எங்கே நிற்கும்? சுவருக்குப் பின்னால் அது கிடந்தது ஒரு குழியில்.

இருபது வருடம் அவர் காற்று அளந்ததெல்லாம் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு. கோழிக்குக் குனிந்து அளந்திருக்கிறார். மாடு உயரமான பிராணி என்பதால் நிமிர்ந்து நின்றே அளந்துவிட்டார். மாடு படுக்கும் என்பது பால் வாங்கும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். கிளாடிஸுக்கு வெட்கமாக இருந்தது. தரையிலிருந்து எழுந்து, எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"தப்பு என்னுதுண்ணா. மாட்டுக்குச் சீக்கு இல்ல. நான் என் நெஞ்சு உயரத்துல அளந்துட்டேன், மாட்டு மூக்கு உயரத்துல அளக்கல. காத்து இந்தச் செவுத்துக்கு மேலயே போவுது. இத ஒடைக்கணும்."

பொன்னுரங்கத்தின் முகம் மாறிவிட்டது. தொட்டிகளை நின்று கட்டியவர் அவர். எந்தக் கொட்டகையிலும் இப்படி உறுதியான தொட்டி கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தட்டிக் காட்டியவர். "இன்னா மேடம் பேசறீங்க? கட்டி மூணு மாசம் ஆவல. இன்னிக்கு ஒடைச்சா நாளைக்குச் சங்கத்துல என்னை எவன் மதிப்பான்?"

"தொட்டி அப்டியே இருக்கட்டும்ண்ணா. அடிச் செவுத்துல நடுவுல மட்டும் கல்ல எடுக்கறோம். ரெண்டு ஓரமும் ஒன்ற அடி நிக்கும். தொட்டி அதும்மேல குந்திக்கும்."

"இடிஞ்சி மாட்டுமேல வுழுந்தா?"

"வுழாது. வுழுந்தா என்னைக் கேளுங்க. சங்கத்துல யாரு கேட்டாலும் நான் வந்து சொல்றேன், அளந்தவ நானு, தப்பா அளந்தவ நானுன்னு."

பொன்னுரங்கம் வேலம்மாவைப் பார்த்தார். வேலம்மா அவரைப் பார்க்கவில்லை, மாட்டின் நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டிருந்தார். "சினை மாட்ட வித்துப்புட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு சோறு துன்றது, சொல்லு நைனா," என்றார், யாரிடம் என்றில்லாமல். பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். பிறகு காஷிஃபைப் பார்த்து, "அந்த மிசினை எடுத்தாப்பா," என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். உடைபடுவதைக் கண்ணால் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

மல்லியை நான்கு பேர் சேர்ந்து எழுப்பி அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காஷிஃப் சுவரில் ட்ரில்லிங் மிஷினை வைத்தார். பொன்னுரங்கம் பொய் சொல்லவில்லை, கல்லுக்குக் கல் சிமென்டை வஞ்சனையில்லாமல் அப்பியிருந்தார். முதல் கல்லை எடுக்கவே கால் மணி ஆனது. கிளாடிஸ் சுத்தியல் வாங்கித் தட்ட உட்கார்ந்தார். கல் வரவர எடுத்துப் போட்டார் வேலம்மா. ஒரு சாண், ஒரு முழம், இரண்டு முழம் என்று ஓட்டை வளர்ந்தது. இரண்டரை மணிக்குத் தொட்டிக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வழி ஆயிற்று. தொட்டி அசையவில்லை.

மல்லியைக் கொண்டுவந்து கட்டினார்கள். மாடு நின்றது. கீழே படு என்று மாட்டிடம் யார் சொல்ல முடியும்? வேலம்மா தடவிக் கொடுத்துப் பார்த்தார், புது வைக்கோல் பரப்பிப் பார்த்தார். நின்றது நின்றபடியே மூச்சு வாங்கியது. மணி மூன்று. கடற்காற்று அன்றைக்கு இன்னும் வரவில்லை. மூன்று பத்துக்கு மல்லி முன்னங்கால்களை மடக்கி, முனகிக்கொண்டு, மெல்லச் சரிந்து படுத்தது.

கிளாடிஸும் கூடவே படுத்தார். குட்டி விசிறி ஒருமுறை தயங்கிச் சுற்றியது, பிறகு நிற்காமல் சுற்றியது. ஒன்று புள்ளி நான்கு. இரண்டு இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. அந்த இடத்தை விட்டு எழாமல் விலாவை எண்ணினார். தொண்ணூற்றிரண்டு. மூன்றரைக்கு எண்பத்தெட்டு. மூன்றே முக்காலுக்கும் எண்பத்தெட்டு. காஷிஃப் ஒருமுறை, "கொறையும்க்கா," என்று மெதுவாகச் சொன்னார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் வண்டி ஹார்ன் கேட்டது. வேலம்மா எழுந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். கிளாடிஸ் தரையிலிருந்தே, "அக்கா, இன்னும் ஒரு தபா எண்ணிடறேன்க்கா," என்றார். குரல் கெஞ்சலாகத்தான் வந்தது. எண்ணத் தொடங்கினார். எழுபத்தொன்பது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது வேலம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் மாட்டின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த வாய் மூடியிருந்தது. தாடை ஒருமுறை பக்கவாட்டில் அசைந்தது. மறுபடி அசைந்தது.

"அச போடறா," என்றார் வேலம்மா. "ரெண்டு நாளா அச போடல. இப்போ போடறா பாரு." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கே அவர் குரல் கணீரென்று கேட்டது. "மாடு வர்லப்பா. போய்க்கினே இரு. ஆமா, நான்தான் சொன்னேன், இப்பவும் நான்தான் சொல்றேன், கெளம்பு!" வண்டி கிளம்பும் சத்தம் தேய்ந்து அடங்கியது. பொன்னுரங்கம் உள்ளே வந்து, உடைத்த சுவரைக் குனிந்து பார்த்தார், ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "மத்ததையும் ஒடைக்கணுமா மேடம்?" என்று கேட்டார். கிளாடிஸ், "அளந்து சொல்றேன்ண்ணா," என்றார்.

வேலம்மா ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார். "வா, மொதல்ல கழுவிக்கோ. முதுகு பூரா சாணி, மூஞ்சில சாணி. இப்டியே பஸ்ல போவியா? நம்மூட்டுக்கு வா, எம் பொடவ ஒண்ணு தர்றேன்."

"இருக்கட்டும்க்கா," என்றார் கிளாடிஸ். "இன்னும் நாப்பத்தொண்ணு கீது."

நோட்டில் எண்ணை எழுதினார். காற்றுமானியைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார். அங்கே படுத்திருந்த கறுப்பு மாடு அவரைச் சந்தேகமாகப் பார்த்து, தலையை ஒதுக்கி இடம் விட்டது. கிளாடிஸ் மண்டியிட்டு, ஈரத் தரையில் கன்னத்தை வைத்து, அதன் மூக்குக்கு நேராகப் படுத்தார்.